உடைசல் பங்கு

முட்டைக்காரரின் கிடங்குக்கு முட்டையைச் சுமந்து வரும் ட்ரே எந்த ஊரில் செய்தது என்று யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்கும். இரண்டு மாநிலம் தாண்டி எங்கேயோ ஒரு தொழிற்சாலை. அங்கிருந்து லாரியில் ஐந்து நாள் குலுங்கிக் குலுங்கி வரும். அந்தப் பக்கத்துக் கோழிகள் நன்றாகத் தின்று கொழுத்துப் பெரிய முட்டையாக இடும் போலிருக்கிறது; குழியெல்லாம் அந்த முட்டை அளவுக்கு இருக்கும். இங்கே கிராமத்துப் பண்ணைகளில் கோழி இடுவது சின்ன முட்டை. அப்பன் சட்டையை மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, ஒவ்வொரு முட்டையும் குழிக்குள் தொளதொளவென்று ஆடும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், மூலையில் இருப்பது பக்கத்து முட்டையை முட்டித் தானும் கீறிக்கொண்டு அதையும் கீறிவிடும். முப்பது முட்டை ட்ரேயில் இரண்டு உடைசல். தினம் வருவது நூறு ட்ரே.

பழி யார் தலையில் விழுந்தது என்கிறீர்கள்? வண்டி ஓட்டுகிறவர் தலையில்தான். "நீ ஓட்டற லட்சணத்துக்கு முட்டை உடையாம என்ன செய்யும்" என்று முட்டைக்காரர் தினமும் காலையில் ஒரு தடவை சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. டிரைவரும் பதினோரு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அதே கிடங்கில், அதே பதினோரு வருஷம், விளக்குக்கு எதிரே முட்டையைத் தூக்கிப் பிடித்து நல்லதையும் உடைசலையும் பிரித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. புருஷன் திட்டு வாங்குவதை ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே உடைசலை எடுத்து வாளியில் போடுவாள். குற்றம் ட்ரேயில் இருக்கிறது என்று அவளுக்கு முதல் மாதமே தெரியும். தெரிந்து என்ன செய்ய, கூலிக்காரி சொல் அம்பலம் ஏறுமா?

இந்த நிலைமையில்தான் படிவம் சார் வந்தார். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் தோள்பையில் இருந்து ஓயாமல் படிவம் எடுத்து நீட்டியதால் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் போட்டிருந்தது. நம் மாநிலத்து வியாபாரி தனக்கு வேண்டிய சரக்கை நம் மாநிலத்துக்குள்ளேயே வாங்க வேண்டும், கிராமத்தில் நாலு பேர் பிழைக்க வேண்டும். நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. கடை கடையாகப் போய் வெளியிலிருந்து என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. எத்தனை சரக்கை உள்ளூருக்குத் திருப்பினார் என்பதை வைத்துத்தான் மேலிடம் அவரை வேலையில் வைத்துக்கொள்வதும் வீட்டுக்கு அனுப்புவதும்.

"ட்ரே வாங்கறேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார் முட்டைக்காரர்.

"இங்க யாரும் செய்யறதில்லையா?"

"இங்க யாருக்குங்க தெரியும் அதெல்லாம்."

விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள். "பழைய காகிதமும் தண்ணியும்தான் சார் ட்ரே. அதைப் பிசைஞ்சு அச்சுல அழுத்திக் காயவைக்கணும். இதுக்கு ஆகாசத்துல இருந்தா ஆள் இறங்கி வரணும்?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல ஆயிற்று படிவம் சாருக்கு. அங்கேயே ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

ஆறு மாதம் கழித்து, டவுனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்த அவள் கிராமத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் அச்சு மெஷின் வந்து இறங்கியது. மெஷின் திட்டத்துடையது. மூன்று மாதம் சோதனை. மூன்றாம் மாத முடிவில் முட்டைக்காரர் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மெஷின் அவளுக்கே சொந்தம். போடாவிட்டால் லாரி வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு, பட்டியலில் அடுத்த பெயர் இருக்கிற ஊருக்குப் போய்விடும். அதுவரை விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டவுனுக்குக் கூலி வேலைக்குப் போன ஏழு பெண்கள், செருப்பைக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டுச் சொந்த ஊரிலேயே வேலைக்கு நின்றார்கள். அவளை ட்ரேயக்கா என்று முதலில் கூப்பிட்டது அவர்கள்தான்.

மெஷினோடு ஒரு அச்சும் வந்திருந்தது. ட்ரேயக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள். அதே பெரிய குழி. "இதை வச்சுச் செய்யறதுக்கு அந்த வெளிமாநில லாரியே வந்துட்டுப் போகலாம்" என்று ஓரமாகத் தள்ளிவிட்டாள். பிறகு நூலும் கையுமாகப் பண்ணை பண்ணையாகப் போனாள். ஆயிரத்துக்கு மேல் முட்டைகளுக்கு இடுப்பளவு எடுத்தாள். பண்ணைக்காரர்கள், இவள் கோழிக்கு ரவிக்கை தைக்கப் போகிறாளா என்று கேலி செய்தார்கள். லேத் பட்டறைக்காரர் மூன்று தடவை அச்சைச் செய்து கொடுத்தார், மூன்று தடவையும் திருப்பிக் கொடுத்தாள். நாலாவது தடவை அவர் பேசுவதை நிறுத்திவிட்டு அவள் சொன்னபடி கடைந்து கொடுத்தார்.

முதல் லோடு கிடங்குக்கு வந்த காலையை ட்ரேயக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். நூறு ட்ரேயையும் இறக்கி, மூவாயிரம் முட்டையையும் விளக்கில் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. படிவம் சார் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இன்னொரு தடவையும் இல்லை. டிரைவர் வண்டியின் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரை யாரும் திட்டவில்லை. படிவம் சார் ட்ரேயை வைத்து ஒன்று, மெஷின்காரியை வைத்து ஒன்று, முட்டைக்காரரை வைத்து ஒன்று என்று படமாக எடுத்துத் தள்ளினார்.

முட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உடைசல் போடுகிற வாளியைக் குனிந்து பார்த்தார். காலி. வாளியைக் கையால் லேசாக ஆட்டிக்கூடப் பார்த்தார், அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்பதுபோல. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவருக்குப் பொறாமை" என்றாள் ட்ரேயக்கா வண்டியில் வீடு திரும்பும்போது.

"திட்டறதுக்கு ஆள் இல்லாமப் போச்சேன்னு வருத்தம்" என்றார் டிரைவர்.

இரண்டும் இல்லை என்பது நாலாவது வாரம் தெரிந்தது. அன்றைக்குக் கொட்டகை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது டவுனில் பேக்கரி வைத்திருக்கும் பேக்கரியம்மா, முட்டைக்காரரின் ஒரே தங்கை. சத்தம் போட்டுப் பேசுகிற பெண்மணி இல்லை. சத்தம் போட்டிருந்தால் ட்ரேயக்கா பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பாள். அவர் காய்ந்துகொண்டிருந்த ட்ரே ஒன்றை எடுத்து, பையிலிருந்த ஒரு முட்டையை அதில் வைத்து, மெல்ல ஆட்டினார். முட்டை அசையவில்லை.

"ரொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றார்.

"நன்றிங்கம்மா."

"நன்றியெல்லாம் எதுக்கு. எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது ஒண்ணே ஒண்ணு. அதை எடுத்துட்டே."

ஏழு பெண்களும் காகிதக் கூழ்த் தொட்டியைக் கலக்குவதை நிறுத்திவிட்டார்கள். பேக்கரியம்மா அங்கிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, ஊர்க் கதை சொல்வதுபோலச் சொன்னார். அப்பா சாகும்போது கிடங்கை மகனுக்குக் கொடுத்தார். மகளுக்கு என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கிடங்கில் உடைகிற முட்டை எல்லாம் மகளுக்கு, அவள் உயிரோடு இருக்கிறவரை, என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கேட்டவர்கள் சிரித்தார்களாம். ஆனால் அண்ணன் வாக்குத் தவறவில்லை. இருபத்திரண்டு வருஷம், தினமும் காலையில் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பேக்கரியின் பின்வாசலுக்கு வருவார். வாளியை வைப்பார், ஒரு டீ குடிப்பார், போய்விடுவார். அந்த முட்டையில்தான் பேக்கரியே ஓடியது. பன், கேக், எல்லாம்.

"அண்ணன் இப்ப வர்றதில்ல. காலி வாளியைத் தூக்கிட்டு எப்படி வருவார்? இருபத்தாறு நாளாச்சு. நான் பவுடர் வாங்கறேன். முட்டைப் பவுடர். ரெண்டு மாநிலம் தாண்டி எங்கேயோ இருந்து மூட்டையில வருது."

ட்ரேயக்கா கையில் ஒட்டிய கூழைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன்தானேம்மா. முழு முட்டையாவே கொஞ்சம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கலாமே?"

பேக்கரியம்மா எழுந்து புடவையில் ஒட்டிய காகிதத் தூளைத் தட்டிவிட்டார். "முழு முட்டையைச் சும்மா வாங்கினா அது பிச்சை. காசு கொடுத்து வாங்கினா நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்ல, கஸ்டமர். உடைசலுக்குத்தான் எனக்குப் பாத்தியதை."

பேக்கரியம்மா ஆட்டோ ஏறிப் போய்விட்டார். ட்ரேயக்காவுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது, எது அதிகம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் நேரே கிடங்குக்குப் போய்ப் பழைய முதலாளி முன்னால் நின்றாள். "என் ட்ரேல என்ன குறை, சொல்லுங்க."

"குறை இல்லாததுதான் குறை" என்றார் முட்டைக்காரர். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ பதினோரு வருஷம் இங்க இருந்தவ. உனக்கு மறைக்க என்ன இருக்கு. நான் ரெண்டு ட்ரே முழு முட்டையை எடுத்துட்டுப் போகலாம். ஆனா உடைசலைப் பத்தி என் வீட்டுக்காரி இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. முழு முட்டைன்னா மறுநாளே வக்கீல் வச்ச மாதிரி கேள்வி வரும். தங்கச்சியும் வாங்க மாட்டா. அவ ரோஷம் எனக்குத் தெரியும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ட்ரேக்கு ரெண்டு. ரெண்டே ரெண்டு உடையற மாதிரி செஞ்சு கொடு. மூலைக் குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தினா வந்துடும்ல?"

ட்ரேயக்கா அவரையே பார்த்தாள். மனுஷன் விளையாடவில்லை.

"மூணு மாசம் முடிஞ்சா நான் திருப்தின்னு எழுதணும். எழுதணும்னா எனக்குத் திருப்தி இருக்கணும்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். அதுதான் அவளை இன்னும் படுத்தியது.

வீட்டில் அவள் இதைச் சொல்லிச் சம்மதம் கேட்டதும் டிரைவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "பதினோரு வருஷம் திட்டு வாங்கினேன். இப்பத்தான் ஒரு மாசமா என்னை மனுஷனா மதிக்கறாங்க. மறுபடியும் உடையட்டும்னா யாரைச் சொல்வாங்க, உன் அச்சையா சொல்வாங்க?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுதானே கேக்கறே."

"ஏழு பேர் இருக்காங்க. மெஷின் போச்சுன்னா அவங்க மறுபடியும் பஸ் ஏறணும். நானும் ஏறணும்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தள்ளி வைத்த தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அதுதான் அவர் சம்மதம் சொல்கிற விதம்.

ட்ரேயக்கா அச்சின் இரண்டு மூலையிலும் பித்தளைத் தகடு வைத்துக் குழியை அகலப்படுத்தினாள். இனி நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் ட்ரேக்கு ஏழு உடைந்து ஒழுகியது, தங்கைக்குக் கொண்டுபோக ஒன்றும் தேறவில்லை. வாளி நிரம்பி, அண்டா நிரம்பி, கடைசியில் முட்டைக்காரர் குளிக்கிற பக்கெட்டை எடுத்து வந்து வைத்தார். "ரெண்டுன்னா ரெண்டு தெரியாதா? உன் புருஷன் வேணும்னே பள்ளத்துல விட்டானா?" என்று கத்தினார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தகட்டை மெலிதாக்கினாள். மறுநாள் ஒன்றுகூட உடையவில்லை. மெலிதுக்கும் தடிப்புக்கும் நடுவில் ஒன்று வைத்தாள். ஒரு பண்ணை ட்ரேயெல்லாம் ஒழுகிக்கொண்டு வந்தது, இன்னொரு பண்ணை ட்ரேயெல்லாம் குத்துக்கல்லாக வந்தது. கூழ் கெட்டியாக இருந்தால் ஒரு மாதிரி, வெயில் இல்லாமல் காய்ந்தால் ஒரு மாதிரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்கு பிடிக்கப் போய் அதுவும் சரியாக வராதவளை என்ன சொல்வது?

"அக்கா, நல்லா செய்யறதுக்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே" என்றாள் ஏழு பேரில் வாயாடியான ஒருத்தி. "இதை யார்கிட்ட போய்க் கத்துக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ட்ரேயக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று ஸ்பேனரை எடுத்து இரண்டு தகட்டையும் கழற்றி எறிந்தாள். "என்னால முடியாது. போறது போகட்டும். கெட்ட ட்ரே இந்தக் கொட்டகையை விட்டுப் போகாது" என்றாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது. சொல்லி முடித்ததும் வாசலில் கிடந்த ஏழு ஜோடி செருப்பைப் பார்த்தாள்.

சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது படிவம் சார் வந்தார். முகம் வெளுத்திருந்தது. முழங்காலில் ஒரு பெரிய தாளை விரித்து வைத்துக் காட்டினார்.

"பாருங்கம்மா. வெளிமாநிலத்து ட்ரே நின்னுச்சு. நல்லது, ஒண்ணு கூடிச்சு. ஆனா இதே ஊர்ல பேக்கரி வெளிமாநிலத்துப் பவுடர் வாங்குது. இத்தனை வருஷமா வெளியில இருந்து எதுவுமே வாங்காத பேக்கரி அது. அங்க ஒண்ணு குறைஞ்சுது. கூட்டிக் கழிச்சா என்ன?"

"பூஜ்யம்" என்றாள் ட்ரேயக்கா.

"பூஜ்யம். மேலிடத்துல என்ன கேப்பாங்க தெரியுமா? உன்னை அந்த ஊருக்கு அனுப்பாமலே இருந்திருந்தாலும் இதே பூஜ்யம்தானே வந்திருக்கும்னு கேப்பாங்க." அவர் தாளை மடித்தார். "லாரிக்குச் சொல்லி வச்சிருக்கேன். தப்பா நினைக்காதீங்க. ஒரு முன்னேற்பாடுதான்."

முன்னேற்பாடு முதல் ஆளாக வந்து நின்றது. ஆய்வு நாளன்று ட்ரேயக்கா கிடங்குக்குக் கிளம்பும்போதே கொட்டகை வாசலில் லாரி நின்றது. லாரிக்காரர் கயிற்றைப் பிரித்துத் தரையில் போட்டு, மெஷினின் நீளத்தைக் கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு பெண்களும் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதுபோல நின்றார்கள். ட்ரேயக்கா திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

கிடங்கின் சின்ன ஆபீஸ் அறையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தது. மேலிடத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். ஒரு பக்கம் முட்டைக்காரர், எதிர்ப்பக்கம் அவர் தங்கை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அண்ணன் விட்டத்தைப் பார்த்தார், தங்கை தரையைப் பார்த்தார். படிவம் சார் எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ட்ரே பத்தி உங்க கருத்து?" என்றார் அதிகாரியம்மா.

"ட்ரே நல்ல ட்ரே" என்றார் முட்டைக்காரர்.

"அப்ப திருப்தி?"

அவர் வாயைத் திறந்தார், தங்கையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "எனக்குத் திருப்தி இல்லீங்க" என்றார்.

படிவம் சாரின் பேனா அப்படியே நின்றது. ட்ரேயக்காவுக்கு மெஷினைத் தூக்கும் சத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிக் காதில் விழுவதுபோல இருந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் எழுந்தாள்.

"என் ட்ரே உடைக்காது. உடைக்கற மாதிரி செய்யவும் மாட்டேன். செஞ்சு பாத்தாச்சு, வரல. உங்களுக்கு வேண்டியது உடைசல்தானே? ட்ரேக்கு ரெண்டு. நானே உடைச்சுத் தரேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு அவசியமான விஷயமாகப் போய்விட்டது அது.

"உடைச்சுக் கொடுத்தா அது உடைசல் ஆகுமா?" என்றார் முட்டைக்காரர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"கீறல் விழுந்தா உடைசல்தான். கீறல் எப்படி விழுந்துச்சுன்னு முட்டை சொல்லுமா?" என்றாள் ட்ரேயக்கா.

"அண்ணன் உடைக்கக் கூடாது" என்றார் பேக்கரியம்மா தரையைப் பார்த்தபடியே. "அண்ணன் உடைச்சுக் கொடுத்தா அது தர்மம் பண்ற மாதிரி. அண்ணி வாய்க்கு நான் ஆளாகணும்."

"நீயே வந்து உடைச்சுக்கறியா?" என்றார் அண்ணன். இரண்டு மாதத்தில் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு.

"நான் வந்து உடைச்சா திருட்டு மாதிரி இருக்கும்."

"அப்ப மூணாம் மனுஷி உடைச்சா?" என்றார் அதிகாரியம்மா. அவருக்கு அதற்குள் சுவாரஸ்யம் தட்டிவிட்டது.

அண்ணனும் தங்கையும் யோசித்தார்கள். மூன்றாம் மனுஷி உடைத்தால் யாருக்கும் யார்மேலும் கேள்வி இல்லை. வண்டி குலுங்கி உடைந்தது மாதிரிதான் அது. இருபத்திரண்டு வருஷம் எது உடைத்தது என்று யாராவது கேட்டார்களா?

"ஒழுகக் கூடாது. ஓட்டுல கீறல் மட்டும்தான் விழணும்" என்றார் பேக்கரியம்மா.

"கரண்டியால தட்டினா அப்படித்தான் விழும்" என்றாள் ட்ரேயக்கா. முட்டையைப் பற்றி அவளுக்கா தெரியாது?

"வாளியை நான்தான் கொண்டாந்து கொடுப்பேன்" என்றார் முட்டைக்காரர். தங்கை புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை பெரிய மனிதர்கள், இரண்டு மாதம் ஒரு வாளியால் பிரிந்து கிடந்தவர்கள். இவர்களைச் சேர்த்து வைத்தோமே என்று ட்ரேயக்காவுக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முட்டைக்காரர் 'திருப்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியம்மா சொல்லச் சொல்லப் படிவம் சார் எழுதினார். வெளிமாநில ட்ரே, நிறுத்தம். வெளிமாநில முட்டைப் பவுடர், நிறுத்தம். கிராமத்தில் வேலைவாய்ப்பு, ஏழு.

"எட்டு" என்று திருத்தினார் அதிகாரியம்மா. "தினமும் காலையில ஒருத்தர் வந்து உடைக்கணும்ல? அதுவும் வேலைதானே. திட்டத்தால வந்த வேலை."

படிவம் சார் எட்டு என்று எழுதினார். பதவியின் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

மறுநாள் காலை ட்ரேயக்கா புருஷனோடு வண்டியிலேயே கிடங்குக்கு வந்தாள். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று ஏழு பேரும் சொன்னார்கள். உடைக்கிற கை ஒரு மயிரிழை தவறினால் ஒழுகிவிடும், பேக்கரியம்மா திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் அவளேதான் வர வேண்டியிருந்தது. வழியில் பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கி ஏறியது. டிரைவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. நூறு ட்ரேயையும் இறக்கினார்கள். மூவாயிரம் முட்டை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

ட்ரேயக்கா முதல் ட்ரேயை இழுத்து வைத்து, கரண்டியைக் கையில் எடுத்தாள். கை மேலே போயிற்று, கீழே வரவில்லை. நூல் பிடித்து ஆயிரம் முட்டையை அளந்ததும், லேத்காரரிடம் மூன்று தடவை சண்டை போட்டதும் எதற்காக? கண்ணில் நீர் வந்துவிட்டது. டிரைவர் பார்த்துவிட்டு, வண்டியில் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் படிவம் சார் கேமராவோடு உள்ளே வந்தார். "ஒரு படம்மா. அறிக்கைல சேர்க்கணும்."

"ட்ரேயை எடுங்க சார்" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ட்ரேயை முதல் மாசமே எடுத்தாச்சு. இது எட்டாவது வேலைவாய்ப்பு. கரண்டியை ஓங்கற மாதிரி வச்சுக்குங்க. மூலையில இருக்கறதை எடுங்க, அதுதான் வழக்கமா உடையறது."

ட்ரேயக்கா மூலை முட்டையைப் பிடித்து இழுத்தாள். அது சுலபத்தில் வரவில்லை. குழியில் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. விரலை விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாளியோடு வந்து நின்ற முட்டைக்காரர், சீக்கிரம் ஆகட்டும், தங்கச்சி டீ போட்டு வைத்திருப்பாள் என்றார். படிவம் சார் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். ட்ரேயக்கா சிரித்தாள், முட்டையைத் தட்டினாள், வாளியில் போட்டாள், அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினாள்.